பெரிய நம்பர் லென்ஸ்

கேமரா லென்ஸில் நம்பர் ஏற ஏறப் பார்வை சுருங்கும். இரண்டு புள்ளி எட்டு மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் ஒரு களம் முழுக்கத் தெரியும், ஆனால் ஆட்கள் எறும்பு அளவுக்குத்தான் இருப்பார்கள். பதினாறு போட்டால் தூரத்தில் இருக்கும் ஒரே இடம் மட்டும் தெரியும். அங்கே நிற்பவளின் மூக்குத்தியில் கல் இருக்கிறதா என்றுகூடச் சொல்லிவிடலாம். பக்கத்தில் வைக்கோல் போர் தீப்பிடித்து எரிந்தாலும் அதற்குத் தெரியாது.

இதை ராசிபுரத்தில் கடை வைத்துப் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதிப் பேர் நம்புவதில்லை. நம்பர் பெரிதென்றால் சரக்கும் பெரிது என்பது அவர்கள் எண்ணம். மீதிப் பேருக்கு நான் பேசுவதே காதில் விழாது. கடைக்குள் வந்ததும் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஓனர் இல்லீங்களா?" என்பார்கள். நான்தான் ஓனர். வெளியே போர்டில் 'நாஸியா செக்யூரிட்டி சிஸ்டம்ஸ்' என்று இரண்டடி உயர எழுத்தில் இருக்கிறது. என் கணவர் அஃப்தாப் சேலத்தில் ஜவுளிக்கடையில் இருக்கிறார். டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றவே அவருக்கு நான் வேண்டும்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, அங்காளம்மாள் அக்கா கடைக்கு வந்தார். ஊருக்கு வெளியே முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் மயில்சாமி அண்ணனின் மனைவி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வந்தவர் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஸ்டூலை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கண்ணு, பாத்தும் பாக்காத மாதிரி இருக்கற லென்சு ஏதாச்சு இருக்குதா?"

"எல்லாரும் நல்லாத் தெரியற லென்ஸ்தான்க்கா கேப்பாங்க."

"எங்கூட்டுக்காரரும் அதத்தான் கேப்பாரு. நாளைக்கு வாராரு. அதுக்குத்தான் நா இன்னைக்கே வந்துட்டேன்."

விஷயம் இதுதான். அவர்கள் பண்ணையின் பின்களத்தில் ஒரு கேமரா இருக்கிறது. கோழிப்பண்ணைத் தூசியும் எருவின் காரமும் சேர்ந்தால் எந்த லென்ஸும் ஒரு வருடத்தில் பூத்துப்போகும். அதுவும் பூத்துப்போய், பார்த்தால் மார்கழிப் பனி மாதிரிதான் தெரிந்தது. அந்தப் பனியின் மறைவில் அக்கா ஐந்து மாதமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்தும் ஸ்ரீதேவி பத்து மணிக்கு வருவாள், பதினொன்றரைக்குப் போய்விடுவாள். அண்ணன் அந்த நேரத்தில் தீவனக் கடையில் இருப்பார். அவர் எங்கே போனாலும் மொபெட்தான். வெள்ளைக் கார் உறை போட்டுச் சும்மா நிற்கும். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மட்டும் வெளியே வரும்.

"முன்னால ஓட்டறது எனக்கு அத்துபடி கண்ணு. பின்னால எடுக்கறதுதான் தகராறு. அங்க முட்ட டிரேய அடுக்கி வெச்சிருக்குது. நா வண்டிய எடுத்தா நேரா அதும்மேலதான் போயி நிக்குது."

இதுவரை எத்தனை டிரே என்று கேட்டேன். அக்கா விரல் விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். உடைந்ததை எல்லாம் அவரும் வேலைக்கு வரும் ராசாத்தியும் தென்னைமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்களாம். அண்ணனோ பண்ணையில் முட்டைத் திருடன் புகுந்துவிட்டான் என்று முடிவு கட்டிவிட்டார். திருடனைப் பிடிக்கத்தான் புது லென்ஸ்.

"அண்ணன்கிட்டயே சொல்லிடலாமேக்கா?"

"கேட்டேன் சாமி. ரெண்டு வருசம் முன்னாலயே கேட்டேன். தீவன ஏவாரிங்க நாலு பேரு ஒக்காந்திருக்கறப்ப, 'நீ வண்டி எடுத்தீன்னா கோழியெல்லாம் பயந்துட்டு முட்ட போடறத நிறுத்திக்கும்'னாரு. அல்லாரும் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன்."

அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. தம்மம்பட்டியில் அவருடைய தங்கை அங்கம்மாள் இருக்கிறாள். போன வருடம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன். கூட்டிக்கொண்டு போகச் சொன்னால் அண்ணன் இன்று லோடு, நாளை தடுப்பூசி என்று எட்டு நாள் இழுத்திருக்கிறார். ஒன்பதாம் நாள் போனபோது தையலே பிரித்தாகிவிட்டது.

"பஸ்ஸுலயாச்சும் போயிருக்கலாம். 'காரு வெச்சுக்கிட்டு பஸ்ஸுல போறயா, ஊரு என்ன பேசும்'னாரு. வர வியாழக்கெழம எனக்கு டெஸ்ட் கண்ணு. அது வரைக்கும் அந்தக் கேமரா குருடாவே இருக்கட்டும். முன்கூட்டியே தெரிஞ்சுதுன்னா சாவிய எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிருவாரு."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறது. வாடிக்கையாளரிடம் பொய் சொல்லி ஒரு லென்ஸும் விற்கமாட்டேன் என்று அக்காவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிப்போய் எழுந்து போனார். அன்று மத்தியானம் எனக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் மயில்சாமி அண்ணன் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூன்று பேனா. என்னைத் தாண்டி உள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, ஓனர் இல்லீங்களா?"

"சொல்லுங்கண்ணே. நான்தான்."

"இல்லீங், லென்சு வெசயம். கொஞ்சம் டெக்னிக்கலுங்க. உங்கூட்டுக்காரர் இருந்தா தேவலைங்க."

பல்லைக் கடித்துக்கொண்டேன். பின்களத்துக்கு நாலு மில்லிமீட்டர் சரியாக இருக்கும், களமும் தெரியும், ஆளும் ஓரளவு தெரியும் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருக்கறதுலயே பெரிய நம்பரு எதுங்க?"

"பதினாறு இருக்கு. ஆனா நம்பர் பெருசாச்சுன்னா…"

"அதயே போடுங்க."

"அண்ணே, நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க. நம்பர் ஏறினா பார்வை…"

"அம்மிணி, நா இருபது வருசமா பண்ண நடத்தறனுங்க. எச்சு நம்பரு மோட்டாருக்கும் கம்மி நம்பரு மோட்டாருக்கும் வித்தியாசம் தெரியாதுங்களா எனக்கு? நாலு போட்டு ஏமாத்தப் பாக்காதீங்க."

ஏமாற்றப் பார்க்கிறேனாம்! அதற்குமேல் நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. பொய்யும் சொல்லவில்லை. அவர் வாயாலேயே கேட்டதை டப்பியோடு எடுத்து மேஜைமேல் வைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், உள்ளுக்குள் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே பண்ணைக்குப் போனேன். ஏணியில் ஏறிப் பழைய லென்ஸைத் திருகிக் கழற்றினேன். புதியதை மாட்டிவிட்டு, கேமராவை எந்தப் பக்கம் திருப்பட்டும் என்று கேட்டேன்.

"பின்னால கேட்டுக்குத் திருப்புங்க. திருடன் அந்த வழியாத்தான வரோணும்? உள்ள வாரப்ப மூஞ்சி தெரிஞ்சாப் போதும்."

திருப்பினேன். போனில் கேட் மட்டும் வந்தது. தாழ்ப்பாளில் இருக்கும் துருப் புள்ளிகளைக்கூடத் தனித்தனியாக எண்ணலாம். களம், டிரே அடுக்கு, கார் கொட்டகை எதுவும் இல்லை. அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "துரு தெரியுதுங்க அம்மிணி, துரு!" என்று வேலைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கேட்டில் யாராவது அசைந்தால் தன் போனில் மணியடிக்க வேண்டும் என்றார். அதையும் செய்து கொடுத்தேன். அங்காளம்மாள் அக்காவும் போனை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் எனக்குக் காபி கொண்டுவந்தார். அதில் மூன்று பேருக்கான சர்க்கரை இருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அண்ணன் மறுபடி கடைக்கு வந்தார். பண்ணையில் இருக்கும் மற்ற எட்டு கேமராவுக்கும் பதினாறே வேண்டுமாம். இப்போதாவது உண்மையை மண்டையில் ஏற்றிவிடலாம் என்று நான் வாயெடுத்தபோது அவர் போன் மணியடித்தது.

"கேட்டுல ஆளுங்க! சிக்கிட்டானுங்க!" என்று துள்ளினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து மாதமாக அக்கா களத்துக்குள்ளேயே ஓட்டிப் பழகியவர். டெஸ்டுக்குப் போக வண்டி வெளியே வந்தாக வேண்டும். கார் கொட்டகையிலிருந்து வெளியே வர இருப்பது அந்தப் பின் கேட் ஒன்றுதான். நானும் யோசிக்கவில்லை, அக்காவும் யோசிக்கவில்லை. கேமராவை அந்த வழிக்கே நேராகக் குறிவைத்து மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு அண்ணன் குனிந்தார். நானும் குனிந்தேன். வெள்ளைக் கார் பின்பக்கமாகக் கேட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முன்பக்கம் அப்படியே எங்களைப் பார்த்தபடி இருந்தது. நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிந்தது.

"ஐயையோ, எங்க காருங்க! பட்டப்பகல்ல காரையே ஓட்டிட்டுப் போறானுங்க! போலீசுக்கு…"

சொல்லிக்கொண்டே இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கண்ணாடிக்குப் பின்னால் அங்காளம்மாள் அக்கா இருந்தார். கீழுதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை ஆட்டுக்குட்டியைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் ஸ்ரீதேவி. கேட்டுக்கு வெளியே ராசாத்தி இரண்டு கையையும் ஆட்டி வண்டிக்கு வழி காட்டிக்கொண்டிருந்தாள்.

அண்ணனின் வாய் திறந்தபடியே நின்றது. கார் கேட் தூணுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. முன்னால் கொஞ்சம் வந்தது. மறுபடி பின்னால் போனது. மறுபடி நின்றது.

"லெப்ட்ல ஒடி," என்றார் அண்ணன்.

யாரிடம் சொல்கிறார் என்று பார்த்தேன். போனிடம்.

"பத்தாது புள்ள, இன்னும் ஒடி… ஆங்… இப்ப நேராக்கு. மெதுவா, மெதுவா… தூணு, தூணு!"

கார் தூணை ஒட்டினாற்போல் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. ராசாத்தி கைதட்டினாள். அண்ணன் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"அந்தத் தூணுல நானே ரெண்டு தடவ உரசிருக்கறனுங்க," என்றார் சின்னக் குரலில்.

ஆனால் அந்தக் குரல் நீடிக்கவில்லை. கோபம் கழுத்து வழியாக ஏறுவது தெரிந்தது. போனை எடுத்து மனைவியின் நம்பரைத் தேடினார். ஒரே ஒரு அழைப்பு போதும், அக்கா பதறிப்போய் வண்டியைத் திருப்பிவிடுவார். ஐந்து மாதமும் போச்சு. நான் சட்டென்று அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டேன். ஒரு வாடிக்கையாளரிடம் செய்யக்கூடாத காரியம்தான்.

"வண்டி ஓட்டறவங்களுக்குப் போன் பண்ணாதீங்கண்ணே."

"உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா இது?"

"தெரியும். டெஸ்டுக்குப் போறாங்க. உங்க முட்டைய எந்தத் திருடனும் எடுக்கல, அக்கா ரிவர்ஸ் எடுத்த முட்டை அது. உங்ககிட்ட கேட்டாங்க, நாலு பேர வெச்சுக்கிட்டுச் சிரிச்சீங்க. தங்கச்சிக்கு ஆபரேஷன்னப்ப தையல் பிரிச்ச பிறகு கூட்டிட்டுப் போனீங்க. வேற என்னதான் பண்ணுவாங்க?"

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் கேபிள் சுருள்மேல் போய் உட்கார்ந்தார். போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் நம்பரைத் தேடவில்லை. கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. கேட்டில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்ததற்குப் போன் ஒருதரம் மணியடித்தது, பறந்துபோனதற்கு இன்னொருதரம். ஒவ்வொரு தடவையும் அண்ணன் பதறி எழுந்தார்.

"அம்மிணி, இதுல ரோடு தெரியலீங்களே? வண்டி வாரது எப்படிங்க தெரியும்?"

"பெரிய நம்பர் கேட்டீங்கல்லண்ணே."

நாலு, பதினாறு இரண்டு லென்ஸையும் எடுத்து, கடைக் கேமராவில் மாற்றி மாற்றி மாட்டித் திரையில் காட்டினேன். இந்தத் தடவை குறுக்கே ஒரு வார்த்தை வரவில்லை. முழுக்கக் கேட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளூரக் குளுகுளுவென்றும் இருந்தது.

ஒன்றே காலுக்கு அவரால் தாங்க முடியவில்லை. போன் போட்டார். அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும்.

"ஏனுங்க," என்றது அக்காவின் குரல்.

"எங்க இருக்கறே?"

"தம்மம்பட்டிலீங்க. அங்கம்மா ஊட்டுல. பாஸ் பண்ணிட்டனுங்க, மொத தடவையிலயே! ஆபீசர் ஒரு குத்தம் சொல்லலீங்க. ஸ்ரீதேவி கூட இருக்கறா, அப்படியே வண்டிய இந்தப் பக்கம் உட்டுட்டேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சாப்புட்டயா?" என்றார்.

"இப்பத்தான் எல போடறாங்க."

"எப்ப வாரே?"

"இருந்து நாலு வார்த்த பேசிட்டு, சாயங்காலமா வாரனுங்க. உங்களுக்குச் சோறு ஆக்கி வெச்சிருக்கறேன், போட்டுச் சாப்புடுங்க." போன் வைக்கப்பட்டுவிட்டது.

அண்ணன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று நினைத்தேன். வாசலில் நின்ற மொபெட்டைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார்.

"இது அவ்ளோ தூரம் தாங்காதுங் அம்மிணி. இங்கயே நிக்கட்டும். நா பஸ்ஸுல தம்மம்பட்டி போயிட்டு, வாரப்ப அவகூடக் கார்ல வந்துக்கறேன்."

"சரிங்கண்ணே, போயிட்டு வாங்க."

படி இறங்கியவர் அங்கேயே நின்றார். எதிரே இருந்த பஸ் ஸ்டாண்டில் இந்தப் பக்கம் ஒருதரம், அந்தப் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு திரும்பி, ஓனரைத் தேடாமல் என்னையே நேராகப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங், தம்மம்பட்டி பஸ்ஸு எங்கீங்க நிக்கும்?"

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவருக்கு அது தெரிய வேண்டிய தேவையே வந்ததில்லை. கடையைச் சாத்திவிட்டு நானே கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன்.