ஒன்றரை எண்ணிக்கை தள்ளி

சிரங்கூன் சாலையில் சாகுல் ஹமீதின் வைக்கோல் கொட்டகையைச் சுற்றி வாழ்ந்தவர்கள் 1906ஆம் ஆண்டிலிருந்து ஒரு வரியை மட்டும் பாடுவதில்லை. "கரைசேர நாளாகுமோ, என் கப்பல் கரைசேர நாளாகுமோ" என்பது அந்த வரி. இப்படி ஒரு விதி இருப்பதாக யாரும் யாருக்கும் சொன்னதில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள்கூட ஒரு வாரத்துக்குள் அதை அறிந்துகொண்டார்கள். அந்த வரி பாடப்படாததால் துரைசாமி ஏழு ஆண்டுகளாக நிறுத்த முடியாமல் மிருதங்கம் வாசித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பிற்பகல்களில், எருமைச் சந்தை ஓய்ந்த பிறகு, கொட்டகையில் ஒரு கூட்டம் சேர்வது அதற்கும் முந்தைய வழக்கம். மேடை இல்லை, அழைப்பு இல்லை. கையில் இருப்பதைக் கொண்டுவந்தவர் அமர்ந்துகொள்வார். சாகுல் ஹமீது ஆர்மோனியம் வாசித்தார். அலுவலகக் கணக்கெழுதும் கிராணியும் மாதா கோவிலில் பாடிவந்தவருமான சூசைநாதன் தாமே கட்டிய பாட்டுகளைப் பாடினார். செங்கல் வண்டி ஓட்டிய துரைசாமி கண்களை மூடிக்கொண்டு வாசித்தார். மிருதங்கம் தனித்து ஒலிக்கும் நேரத்தில் அமர்ந்திருப்பவர்கள் அனைவரும் தொடையில் தட்டித் தாளம் போட வேண்டும். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் பாடகர் உரிய இடத்தில் வரியை மீண்டும் எடுப்பார், மிருதங்கம் அங்கே வந்து இறங்கி ஓயும். அந்த வரி வரும் சூசைநாதனின் பாட்டோ தாளத்தின் முதல் அடியிலிருந்து ஒன்றரை எண்ணிக்கை தள்ளித் தொடங்குவது. அந்த அரை எண்ணிக்கைக்காக அவர் கொஞ்சம் பெருமைப்பட்டுமிருந்தார்.

1906இல் ஒரு ஞாயிறன்று, துரைசாமி உச்சத்தில் இருந்த வேளையில், கயிற்றை அறுத்துக்கொண்ட எருமை ஒன்று கொட்டகைக்குள் நுழைந்தது. பதினான்கு பேரும் கைகளை வீசி அதை விரட்டினார்கள். எருமை போய்விட்டது. எல்லோரும் அமர்ந்து எதுவும் நடவாததுபோல மறுபடியும் தொடையில் தட்டத் தொடங்கினார்கள். கணக்கைத் தவறவிட்டதாக ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வரவில்லை. இறங்கும் இடம் தேடித் துரைசாமி கண்ணைத் திறந்தபோது ஒவ்வொரு கையும் ஒவ்வோர் எண்ணில் இருந்தது. சூசைநாதன் வரியை எடுக்க வாயைத் திறந்தார், இடம் தெரியாமல் மூடினார். இறங்க இடமில்லாமல் மிருதங்கம் தொடர்ந்தது.

மாலையில் மிருதங்கத்தை எடுத்துவிட்டார்கள். துரைசாமியின் கைகள் வெற்றிடத்தில் வாசித்தன, ஓசை குறையவில்லை. கைகளைக் கட்டினார்கள், ஓசை கொட்டகைத் தூண்களிலிருந்து வந்தது. அவிழ்த்துவிட்டு, மிருதங்கத்தைத் திரும்ப மடியில் வைத்தார்கள். ஒரு வைத்தியர் காய்ச்சல் மருந்தான கொய்னா எழுதிக் கொடுத்தார். மனைவி தைலம்மை மூன்று வேளையும் கஞ்சி ஊட்டினாள். அவருக்கு உறக்கம் வரவில்லை.

மூன்றாம் வாரம் சூசைநாதன் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வரியை எடுத்தார். இடம் தவறு. துரைசாமியின் இடக்கைச் சுண்டுவிரல் அந்தக் கணமே இல்லாமற் போயிற்று. ரத்தமில்லை, வலியில்லை, அங்கே என்றுமே விரல் இருந்திராததுபோலத் தோல் மூடியிருந்தது. அடுத்த மாதம் சாகுல் ஹமீது முயன்றார். மோதிர விரல் போயிற்று. அதன்பின் யாரும் பாடவில்லை. ஞாயிறுதோறும் துரைசாமி கேட்பார்: "யாராச்சும் எடுங்கய்யா. நான் எப்படியாச்சும் வந்து எறங்கிக்கிறேன்." மூன்றாம் ஆண்டில் அவர் கேட்பதை நிறுத்தினார்.

தெரு அந்த ஓசைக்குப் பழகியது. பால்காரர்கள் அதற்கேற்பக் கறந்தார்கள். தறிகெட்ட கன்றுகளும் அதைக் கேட்டு அடங்கின. அந்த ஓசை எட்டாத தேங் ரோட்டுக்கு வீடு மாறிய ஒரு குடும்பம், அமைதியில் தூக்கம் பிடிக்காமல், மாதம் முடிவதற்குள் திரும்பி வந்தது. கூட்டமும் கலையவில்லை. ஓயாத மிருதங்கம் ஒன்று கிடைத்திருக்கும்போது அதை ஏன் வீணாக்குவது என்று யாரோ முதலில் நினைத்திருக்க வேண்டும். துரைசாமியின் வாசிப்புக்கு மேலேயே வேறு பாட்டுகளைப் பாடத் தொடங்கினார்கள். அந்த ஒரு வரியைத் தவிர எல்லாம் அதற்குப் பொருந்தின. தொலைவில் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகாரிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். விரல்களைக் காப்பதற்காகவே வரியைத் தவிர்ப்பதாக ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்கள். அது பொய்யுமல்ல.

1913இல், துறைமுகத்திலிருந்து வந்த ஒருவர், இப்படி ஒரு கை யாருக்கு வாய்க்கும் என்று வியந்து துரைசாமியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த தைலம்மையிடம் துரைசாமி மெல்லச் சொன்னார்: "தைலு, எனக்குத் தூங்கணும்." நான்கு ஆண்டுகளில் அவர் எதையாவது கேட்டது அதுவே முதல்முறை.

அவள் சூசைநாதனின் வீட்டுக்குப் போனாள். ஏழு ஆண்டுகளாக அந்த இடத்தைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகவும், காகிதத்தில் எண்ணி எண்ணிப் பார்த்தும் பிடிபடவில்லை என்றும் அவர் சொன்னார். கண்கள் கலங்கியிருந்தன. அவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆனால் போனதில் பயனும் இல்லை.

மறு ஞாயிறு, கொட்டகை நிறைந்திருந்த நேரத்தில், தைலம்மை கஞ்சிக் கிண்ணத்துடன் நடுவில் வந்து நின்றாள். அவளுக்குப் பாட வராது, தாளமும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்ததுமே சாகுல் ஹமீது புரிந்துகொண்டு ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்தார்.

"வேணாந் தங்கச்சி. இன்னொரு வெரலு போச்சுன்னா என்ன செய்வே?"

"எட்டும் போவட்டும், சாகுல் நானா," என்றாள் தைலம்மை. "ஒரு தடவ சரியான எடத்துல விழுந்தா போதும். வெரலு இல்லாம தூங்கலாம்ல."

பிறகு சுருதி சேராத குரலில், எந்த எண்ணுக்கும் காத்திராமல், கரைசேர நாளாகுமோ என்று பாடினாள். துரைசாமியின் வலக்கைச் சுண்டுவிரல் மறைந்தது. "ஏழு," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். மிருதங்கம் நிற்கவில்லை. துரைசாமி தம் கையைப் பார்க்கவில்லை. பக்கவாத்தியக்காரர் பாடகரைப் பார்த்துத் தலையசைப்பதுபோல, அவளைப் பார்த்துத் தலையசைத்தார். தைலம்மை கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அதே வரியை, தெருவுக்கே கேட்கும்படி, மறுபடியும் எடுத்தாள்.