சாப்பாட்டு வேளைக்குள் ஒரு கோட்டை

எங்க செஞ்சி மலைமேல் இருக்கும் ராஜகிரிக் கோட்டையை இதுவரை பிடித்த ஒருவனுக்கும் என் அளவுக்குத் திட்டம் கிடையாது, இதை ஆணவமாகச் சொல்லவில்லை... மொகலாயர்கள் ஏழெட்டு வருஷம் அடிவாரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், பிரெஞ்சுக்காரன் ஒரே ராத்திரியில் முடித்தான், ஆனால் அவனிடம் பீரங்கி இருந்தது, என்னிடம் சார்ஜ் செத்துக்கொண்டிருக்கும் போனும் ரெண்டு வெள்ளரிப் பிஞ்சும், அதில் ஒன்றைக் குரங்கு பிடுங்கிவிட்டது, இருந்தும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் பிடித்துவிடுவேன். பிடிக்க வேண்டியது ஒரு டப்பா. எவனோ மலையில் ஒளித்துவைத்து இடத்தைப் போன் மேப்பில் போட்டிருக்கிறான், தேடி எடுப்பவர்கள் உள்ளே இருக்கும் தாளில் பேர் எழுதிவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டுமாம், அதுதான் விளையாட்டு என்றாள் எங்க கிளாஸ் கலைமதி. கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிட்டு சாப்பிடாம வர்ற கூட்டம் என்றேன், கேன்டீனே சிரித்தது, அவள் மட்டும் சிரிக்கவில்லை. "மொதல்ல கண்டுபுடிடா தௌசீஃப், அப்புறம் வாயப் பேசு." அங்கேதான் உளறினேன், நாளைக்கு டப்பா இதே மேசையில இருக்கும், இல்லன்னா மீசையை எடுத்துடறேன்... மீசை இப்போதுதான் ஏதோ மீசை மாதிரி ஆகியிருக்கிறது.

மரப்பாலம் தாண்டியாச்சு, களஞ்சியத்துச் சுவரோரம் போன் அம்புக்குறி குடிகாரன் மாதிரி சுற்றுகிறது, இங்கேயா, அங்கேயா, தேள் இருந்தால் யார் பொறுப்பு... அந்தக் கல் மட்டும் ஏன் இவ்வளவு ஒழுங்காக இடுக்கை அடைத்திருக்கிறது? இழுத்தேன். டப்பா! தாளில் புனே, பாண்டிச்சேரி, பாரிஸ், எல்லா ஊரும் இருந்தது, செஞ்சி இல்லை. எங்க ஊர்க் கோட்டை, எங்க ஊர்க் குரங்கு, எங்க ஊர்க்காரன் ஒருத்தன் இல்லையா? பெரிதாக எழுதினேன், தௌசீஃப், செஞ்சி. டப்பாவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு ஒரு ராஜா மாதிரி பாலம் வரை வந்தேன். வந்தபிறகுதான்... கேன்டீனில் வைத்தால் யார் பார்ப்பார்கள், எங்க கிளாஸ் அயாஸும் பார்த்திபனும், ரெண்டு நாளில் அதில் ஊறுகாய் இருக்கும். இங்கேயே இருந்தால்? இனி எவன் எந்த நாட்டிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்தாலும் என் பேருக்குக் கீழேதானே எழுத வேண்டும்?

மீசை வளரும். திரும்பி நடந்தேன். சுவரிடம் குனிந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வந்து நின்றது. "இன்னா தம்பி தேடற?"

"ஒண்ணுமில்லண்ணே, காத்து நல்லா வருது."

அவர்கள் போகும்வரை காற்று வாங்கினேன். பிறகு டப்பாவை இடுக்கில் தள்ளி, வெயில் பட்டு வெளுத்த பக்கம் வெளியே தெரிகிற மாதிரி கல்லை அடைத்து, தள்ளி நின்று பார்த்தேன், கிட்டே போய் ஒரு தடவை திருப்பி வைத்தேன், மறுபடி தள்ளி நின்று பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றும் தெரியாததில் எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்...