திருப்பிச் சொல்லுங்க

திண்டிவனம் வீட்டுக் கூடத்தில் தேவநாதன் பெரியப்பா காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே சங்கவி நின்றுகொண்டிருந்தாள். சென்னை விமான நிலையத்தில் உட்கார்ந்தபடி ஏழெட்டு விமானங்களை ஏறு, இறங்கு, நில் என்று ஏவியவள். இப்போது விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்று அனுப்பியிருக்கிறார்கள். பெரியப்பா முன்னால் உட்கார மட்டும் அவளுக்கு இன்னும் பழகவில்லை.

அவர் சங்கவியின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், விழுப்புரத்துக்காரர். சொந்தத்தில் முதன்முதலில் விமானம் ஓட்டியவர். சங்கவி இந்த வேலைக்குப் போனபோது பொட்டப்பிள்ளைக்கு எதற்கு என்றவர்களின் வாயை அடைத்தவரும் அவர்தான். அவள் அம்மா அம்சவள்ளி அவருக்குக் கோயில் கட்டாததுதான் குறை.

மதுரையிலிருந்து சென்னைக்கு அவர் ஓட்டிவரும் விமானம் திண்டிவனத்தை நெருங்கும்போது, எவ்வளவு உயரத்துக்கு இறங்கலாம் என்று சங்கவிதான் ரேடியோவில் சொல்வாள். சொன்ன உயரத்தை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். இந்த வேலைக்குப் பிள்ளையார் சுழியே அதுதான். மற்றவர்களிடம் கறாராகக் கேட்டு வாங்குவாள். பெரியப்பாவோ "சரிம்மா" என்று முடித்துக்கொள்வார். பெரியவர் சரி என்ற பிறகு, எங்கே, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க எந்த வீட்டுப் பெண்ணுக்கு வாய் வரும்? சங்கவிக்கும் வரவில்லை. வந்திருக்க வேண்டும். வீட்டு மரியாதையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

வழக்கமாக அவருக்குப் பத்தாயிரம் அடிதான் சொல்வாள். அன்று பதிமூன்றாயிரத்தில் இன்னொரு விமானம் குறுக்கே போனதால், பதினைந்தாயிரத்திலேயே நில்லுங்கள் என்றாள். "சரிம்மா" என்றார். கை மட்டும் பழக்கத்தில் விமானத்தின் உயரக் கருவியில் பத்தாயிரத்தை வைத்தது. பக்கத்து இருக்கை இளம் விமானியும் வாய் திறக்கவில்லை, அவனுக்கும் அவர் பெரியவராயிற்றே. சங்கவி அடுத்த விமானத்தோடு பேசப் போய்விட்டாள். அவள் மறுபடி ரேடார் திரையைப் பார்ப்பதற்குள் இரண்டு விமானங்களிலும் எச்சரிக்கை ஒலி அலற, ஒன்று மேலே எகிறியது, ஒன்று கீழே பாய்ந்தது.

மோதவில்லை. ஆனால் பெரியப்பாவின் விமானத்தில் பயணிகளுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெனாசிர், கோட்டக்குப்பத்துப் பெண், கூரையில் அடிபட்டு விழுந்தாள். முதுகெலும்பு முறிந்து இன்னும் எழுந்து உட்கார முடியாமல் கிடக்கிறாள். சங்கவி மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தாள். யாரென்று தெரிந்தும் அந்தப் பெண் சிரித்தாள். அதைத்தான் இவளால் தாங்க முடியவில்லை.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு விசாரணையில உன்ன கேப்பாங்க, முன்னாடியும் இப்படி நடந்துகினு இருந்துச்சான்னு. அன்னிக்கி ஒரு நாளுதான்னு சொல்லிடு. அவங்க கையில அன்னிக்கி ரெக்கார்டிங் மட்டும்தான் இருக்கு. ஆனைக்கும் அடி சறுக்கும்னு கண்டிச்சு விட்டுடுவாங்க. தெனமும்னு தெரிஞ்சா என் லைசென்சும் போயிடும், உன் வேலையும் போயிடும்."

யானைக்கு என்றைக்கோ ஒருநாள் சறுக்கினால்தான் அந்தப் பழமொழி. தினமும் சறுக்கினால் அதற்கு வேறு பெயர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார் என்று சங்கவிக்குப் புரிந்தது. மறைத்தால் பெனாசிரின் முதுகு ஒருநாள் கைத்தவறாகக் கணக்கில் சேரும், ரேடியோவில் இந்தச் "சரிம்மா" இன்னும் எத்தனையோ பேரிடம் தொடரும். சொல்ல நினைத்தாள். தரையைப் பார்த்தாள்.

"சரியாம்மா?"

"அதெல்லாம் சொல்லிடுவா மாமா" என்றாள் அம்சவள்ளி, மயிலம் கோயில் விபூதியை நீட்டியபடி.

மௌனம் சம்மதம் என்பதில் பெரியப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. விபூதியைப் பூசிக்கொண்டு, "வர்றேன்மா" என்று செருப்பை மாட்டி வாசலில் இறங்கினார். கார்க் கதவில் கை வைத்துவிட்டார்.

சங்கவி நிமிர்ந்து பார்த்தாள். இப்போதும் அதேதான். அவர் ஒன்றை நினைத்துக்கொண்டு போகிறார், இவள் மனத்தில் இருப்பது வேறு. இப்போதும் இவள் கேட்காமல் விடுகிறாள்.

"பெரியப்பா, நில்லுங்க!"

அம்சவள்ளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, போறவர பின்னால கூப்புடுறியே! உனக்கு என்னா புத்தி கெட்டுப்போச்சா?"

சங்கவி வாசலுக்கு வந்துவிட்டாள். "நான் சரின்னு சொல்லல பெரியப்பா. தெனமும் நடந்துச்சுன்னுதான் சொல்லப் போறேன். நீங்க திருப்பிச் சொல்லல, நான் கேக்கல. ரெண்டையும் சொல்லப் போறேன்."

பெரியப்பாவின் முகம் கறுத்தது. பிறகு அந்தக் கறுப்பும் வடிந்து, வெறும் வயதான முகமாகிவிட்டது.

"சரிம்மா" என்றார்.

"சரின்னா பத்தாது பெரியப்பா." சங்கவிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. குரல் மட்டும் பிசகவில்லை. "நான் சொன்னத திருப்பிச் சொல்லுங்க."

அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியப்பா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் சங்கவி நினைத்தாள். அவர் போகவில்லை. கதவை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, ரேடியோவில் பேசுகிறவரைப் போல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"தெனமும் நடந்துச்சு. நான் திருப்பிச் சொல்லல. நீ கேக்கல."

விமானி பிசகாமல் திருப்பிச் சொன்னால் அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். பெரியப்பாவிடம் அதைச் சொல்ல அவளுக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

"சரியா சொன்னீங்க பெரியப்பா" என்றாள் சங்கவி.