பூசணிக்குள் குடிவந்த ரக்கூன்

கீழே சொல்வதில் ஒரு எழுத்தும் பொய்யில்லை, சத்தியம். சந்தேகப்படுகிறவர் காதில் பூசணி முளைக்கட்டும்.

கனடாவின் நோவா ஸ்கோஷாவில் எங்கள் பள்ளத்தாக்கில் பூசணியைத் தின்பதற்காக வளர்ப்பவனை யாரும் மதிப்பதில்லை. எடை போடத்தான் வளர்க்க வேண்டும். எல்வுட் மோஷர் அப்படித்தான் வளர்த்தார். ஆனால் அக்டோபர் சந்தையில் முதல் பரிசான நீல ரிப்பனை வருஷா வருஷம் பக்கத்துப் பண்ணை லீமன் தட்டிக்கொண்டு போவார். போனால் தொலையட்டும், அதைச் சட்டையில் குத்திக்கொண்டு சர்ச்சில் எல்வுட்டுக்கு முன் பெஞ்சில் உட்காருவார். எல்வுட்டுக்கு ஜெபம் ஓடாது.

அந்த வருஷம் எல்வுட் காய்க்குப் பால் கொடுத்தார். கொடியைக் கீறித் திரியைச் செருகி, மறுமுனையைப் பால் சட்டியில் விடுவது இங்கே பழைய வழக்கம். கொடி குடித்ததோ என்னவோ, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை போட்ட ரக்கூன் என்கிற காட்டு விலங்கு ஒன்று தினமும் வந்து சட்டியை வழித்துவிட்டுப் போனது. காய் எப்படியோ கன்றுக்குட்டி அளவு வளர்ந்தது.

சந்தை நாள் காலையில் காயைப் புரட்டினால், அடியில் ஓட்டை. உள்ளே ரக்கூன் மல்லாந்து படுத்திருந்தது. ஓட்டைக் காய் போட்டியில் செல்லாது. எல்வுட் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி பெர்னிஸ் குனிந்து பார்த்தாள்.

"அத எதுக்குய்யா வெரட்டுற? எடைக்கு எடையாச்சு. ஓட்டைய அடியில வச்சு எறக்கு."

சந்தையில் தராசு முள் நிற்கவில்லை. ரக்கூன் புரண்டால் முள்ளும் புரண்டது. காய் முற்றிவிட்டதா என்று நடுவர் கிளைட் தட்டிப் பார்த்தார். உள்ளிருந்து பதில் தட்டு வந்தது. மரியாதைக்காக அவர் மறுபடி தட்டினார். அடியிலிருந்து ஒரு கறுப்புக் கை நீண்டு, அவர் கையிலிருந்த டோனட்டை வாங்கிக்கொண்டது.

"ஓட்டைக் காயி. தூக்கி வெளிய போடுங்கப்பா" என்றார் லீமன்.

கிளைட் காயைத் தள்ளுபடி செய்தார். பிறகு வெளியே வந்த ரக்கூனின் தொப்பையை நெடுநேரம் பார்த்தார்.

"இத்தன வருஷத்துல இவ்வளவு நல்லா தீனி போட்டு வளத்த உருப்படிய நான் பாத்ததில்லப்பா எல்வுட்."

கால்நடைப் பிரிவின் நீல ரிப்பனை அதன் கழுத்திலேயே கட்டிவிட்டார். லீமனின் கிடாரிக்கு இரண்டாமிடம். ரிப்பன் எந்தப் பிரிவுடையது என்று ரிப்பனில் எழுதியிருக்காது என்பதால் எல்வுட் ஆசையோடு கை நீட்டினார். ரக்கூன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ரிப்பனோடு மேப்பிள் மரத்தில் ஏறிவிட்டது. எல்வுட் பொழுது சாயும்வரை மரத்தடியில் கெஞ்சிக்கொண்டு நின்றதை ஊரே பார்த்தது.

என்ன, அந்த வருஷம் புயல் அடித்ததால் சந்தைதான் நடக்கவில்லை.