ரிஜெக்ட் ஃபைலுக்கு வைத்த பெயர்

"தலையே நுழையாத பனியனை எந்தக் கொழந்தைக்குப் போடறது அம்மிணி? நீ கம்ப்யூட்டர்ல ஏத்துன அளவு ஃபைலைப் பார்த்துத்தான வெட்டுனேன்!"

கட்டிங் மாஸ்டர் சிவராஜின் சத்தம் வேலம்பாளையம் பஸ் ஸ்டாப் வரை கேட்டது. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓசியில் கிடைக்கும் சண்டையை யார் விடுவார்கள்?

"நான் ஏத்துனது ரெண்டே ஃபைலு மாஸ்டர். பையர் வேணாம்னு திருப்புன கழுத்தளவுக்கு 'ரிஜெக்ட்'டுன்னு பேரு, திருத்துனதுக்கு 'ஓகே'ன்னு பேரு. நீங்க எடுத்த 'ஓகே ரெண்டு' என்னுது இல்ல," என்றாள் சித்ராதேவி. நாலு பேர் முன்னால்தான் அவளுக்கு அவன் மாஸ்டர். போனில் என்னவென்று கூப்பிடுவாள் என்பது செக்கிங் டேபிள் வரைக்கும் தெரியும். தேனியிலிருந்து அவளுடைய அப்பா வந்து கல்யாணத் தேதி பேசுவதுதான் பாக்கி.

'ஓகே', 'ஓகே ரெண்டு' என்று இருந்தால் தெரியாதவன் எவனும் இரண்டாவதைத்தானே புதுசென்று எடுப்பான்? லாட் முழுக்கத் தைத்தாகிவிட்டது. அவள் மேல் பழி விழுந்தால் வேறு கம்பெனியும் சேர்க்காது. இந்த ஊரில் சரக்கைவிடச் சேதி சீக்கிரம் போய்ச் சேரும். ஃபைல்களைப் போட்டுவைக்கும் கூகுள் டிரைவைத் திறந்தாள். 'ரிஜெக்ட்'டின் பெயரை 'ஓகே ரெண்டு' என்று மாற்றியது யாரென்று அதுவே காட்டியது: முதலாளி மருதாசலம்.

மனுஷர் பூனை குறுக்கே போனால் காரைத் திருப்புகிறவர். காலையில் மெஷினுக்குச் சூடம் காட்டிய கையோடு போனில் டிரைவைப் பார்ப்பார்.

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா ரிஜெக்ட்டுங்கற வார்த்தை கண்ணுல படலாமா கண்ணு? பேரைத்தான மாத்துனேன், அளவையா மாத்துனேன்?" என்றார், சத்தம் கேட்டு வந்த அவர். பிறகு குரலை இறக்கி, "மாஸ்டரு, நீங்களே சொல்லுங்க, தப்பு யாருதுங்க?"

சித்ராதேவி சிவராஜைப் பார்த்தாள். திரையில் இருந்த பெயரை அவனும் படித்திருந்தான். அவன் கத்திரியைத் துடைத்தான், துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"அம்மிணிதானுங்க கவனிச்சிருக்கோணும்."

நின்றிருந்த தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக மறுபடி ஓடத் தொடங்கின.

சித்ராதேவி பையை எடுத்துக்கொண்டு இறங்கியவள்தான். பல்லடத்தில் கோழித்தீவனக் கம்பெனியில் சேர்ந்து, ஜாகையையும் அங்கேயே மாற்றிக்கொண்டாள். சிவராஜ் மேனேஜர் ஆனான்; தை மாதம் முதலாளியின் மச்சான் மகள் மோனிஷாவைக் கட்டினான். பத்திரிகையை சித்ராதேவிக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினானாம். நீல டிக் விழுந்ததால் திறந்து பார்த்தாள் என்பது வரைக்கும்தான் தெரியும்.