எட்டாவது டப்பா

யுத்த காலத்தில் புதுப் படங்களுக்குப் பஞ்சம். விராலிமலைக் கொட்டகையில் பழைய படங்களே மாறி மாறி ஓடின. அவற்றில் மூன்றை ஊர் 'விஞ்ஞானப் படம்' என்று தனியாகப் பிரித்து வைத்திருந்தது. ஒன்றில் இரும்பு மனிதன் நடந்தான். ஒன்றில் கடலுக்கு அடியில் ஒரு பட்டணம் இருந்தது. மூன்றாவதில் நாலைந்து பேர் ஒரு கப்பல் கட்டி நிலாவுக்குப் போனார்கள். மூன்றும் வெள்ளைக்காரப் படம். மூன்றும் பேசாத படம், சுருள் சுருளாகத் தகர டப்பாக்களில் வந்தவை. இடையிடையே வரும் இங்கிலீஷ் எழுத்துகளை, முன்பு படத்தை வைத்திருந்தவர், 'யார் படிக்கப்போகிறார்கள்' என்று வெட்டி எறிந்திருந்தார். பார்க்கிறவர்கள் கதையைத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், கித்தான் கூரை எம்மாத்திரம். அமாவாசைக்கு முன் கொட்டகையைப் பிரித்துவிடுவது என்று முதலாளி ரெங்கசாமி முடிவு செய்தார். கடைசிக் காட்சிக்கு இந்த மூன்றில் ஒன்று. நோட்டீசில் 'விஞ்ஞானக் காவியம்' என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். எந்தப் படம் அந்தப் பேருக்குத் தகும் என்று தினமும் வருகிறவர்களையே கேட்டார். கேட்டது தப்பு. நாலு நாளாகப் பேசினார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் காலிக் கொட்டகையில் கூடினார்கள். முதலாளியைத் தவிரக் கூடியது இரண்டு பேர்தான். சத்தம் இருபது பேருக்கு இருந்தது. ஒருவர் ஆத்மநாதன், பள்ளிக்கூடத்தில் ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார். மற்றவர் எதிரே காபி கிளப் வைத்திருந்த திருப்பதி.

பெண்கள் பக்கம் டிக்கெட் கொடுக்கும் செங்கமலம் ஒரு மூலையில் உட்கார்ந்து, கிழிந்த கித்தானைச் சாக்கு ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

"எந்திரத்துல போனா விஞ்ஞானம். மந்திரத்துல போனா புராணம். இதுல கொழப்பமே வேண்டாம்" என்றார் ஆத்மநாதன்.

"அப்ப நம்ம மொதலாளியோட கரண்டு இஞ்சினு பாதிப் படத்துல நிக்கிதே, அது?"

"நிக்கிறது விஞ்ஞானம். மறுபடி ஓடுது பாருங்க, அதுதான் மந்திரம்."

ரெங்கசாமி சிரிக்கவில்லை. "சட்டுன்னு ஒரு பேரைச் சொல்லுங்கய்யா. அச்சாபீஸ்காரன் காத்திருக்கான்."

"நிலாப் படம்" என்றார் திருப்பதி.

"இரும்பு மனுசன்" என்றார் ஆத்மநாதன். "அதுல ஆதியிலேருந்து அந்தம்வரை ஒரு ஒழுங்கு இருக்கு. நிலாப் படத்துல என்ன இருக்கு? ஏழாவது டப்பாவுல கப்பல் கெளம்பிப் போயிருது. இவன் ஒருத்தன் மட்டும் நிலாவுல நின்னு கையாட்டுறான். எட்டாவது டப்பாவுல வீட்டுல உக்காந்து சாப்பிடுறான். எதுலய்யா வந்தான்?"

"பெட்ரோல் இல்லாம ஓடுற நம்ம கரி பஸ்ஸுல வந்தான்னு வச்சுக்கங்க."

"தாடி? நிலாவுல தாடி இருந்துச்சே?"

"வந்த ஒடனே செரைச்சுக்கிட்டான். தாடியோடவா சோத்துக்கு உக்காருவான்? காவியம்னா எல்லாத்தையும் காட்டணுமா வாத்தியாரே?"

செங்கமலம் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அவன் பொண்டாட்டி சோறு வச்சுக்கிட்டே அழுகுறால்ல. வந்த சந்தோசத்துல அழுகுறா. எதுல வந்தா அவளுக்கென்ன."

அவள் பேசியதும் இரண்டு பேரும் குரலைத் தணித்தார்கள். காரணம் இருந்தது.

அவள் புருஷன் அழகுமலை பினாங்கில் ஒரு கடையில் வேலை பார்த்தான். ஜப்பான்காரன் அந்த ஊரைப் பிடித்ததோடு தபால் நின்றது. இது மூன்றாவது வருஷம். இந்த ஆடி அமாவாசைக்குக் காரியம் செய்துவிட வேண்டும் என்று மாமியார் மருதாயி சொல்லிக்கொண்டிருந்தாள். காரியம் என்றால் செங்கமலத்தின் தாலியும் அதோடு போகும். மருதாயி கெட்டவள் இல்லை. அவளைப் பிடித்திருந்த பயம் வேறு.

"இருந்தா ஒரு வார்த்தை வந்திருக்கும்டி. போயிட்டான்னா, எலை போட ஆளில்லாம பசியோட அலையுறானே. பெத்தவ நான் எப்படித் திங்கிறது?"

உண்மையில் அவள் சரியாகத் தின்னுவதும் இல்லை. ஒரு நாள் செங்கமலம் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்: "நிலாவுக்குப் போனவனே திரும்பி வந்துட்டான் அத்தை. பினாங்கு என்ன தூரம்?"

மருதாயி அதைப் பிடித்துக்கொண்டாள். "எங்க, அந்தப் படத்தைக் காட்டு. பாத்துட்டுச் சொல்றேன்." பிறந்ததிலிருந்து அவள் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. இன்றைக்கு ராத்திரி அந்தப் படம்தான், வருகிறாள்.

"சந்தோசத்துல அழுதிருக்கலாம்" என்றார் ஆத்மநாதன் மெதுவாக. "ஊருக்குக் கெளம்புற ஆளுக்குச் சோறு வைக்கிறப்பவும் அழுவாங்க, தங்கச்சி."

சொன்னவர் அப்படியே நின்றார். வாயிலிருந்து வந்த பேச்சு காதில் இப்போதுதான் விழுந்தது போலிருந்தது. பிறகு ஆப்பரேட்டர் நாகராசுவைக் கூப்பிட்டு நிலாப் படத்தின் டப்பாக்களை எடுத்துவரச் சொன்னார்.

எட்டு தகர டப்பாக்கள். மூடிகளில் சிவப்பு மையால் யாரோ அடையாளம் போட்டிருந்தார்கள். ௧ முதல் ௭ வரை, ஒன்றிலிருந்து ஏழு, தமிழ் இலக்கம். கடைசி மூடியில் 'அ' என்றிருந்தது.

"எட்டு" என்றார் திருப்பதி. "நெதம் கடையில போடுற கணக்கு, எனக்குத் தெரியாதா?" தமிழ் இலக்கத்தில் எட்டுக்கும் அகரத்துக்கும் உரு ஒன்றுதான்.

"அனா" என்றார் ஆத்மநாதன். "நெதம் பலகையில எழுதுறேன், எனக்குத் தெரியாதா? அ-ன்னா ஆரம்பம். ஆரம்ப டப்பாவை நீங்க கடைசியில போட்டு ஓட்டியிருக்கீங்க. அவன் வந்து சாப்பிடலய்யா. சாப்பிட்டுட்டுப் போறான்."

நாகராசு 'அ' டப்பாவைத் தூக்கி முதல் டப்பாவுக்கு முன்னால் வைத்தார்.

"தாடி சரியாப் போச்சு" என்றார் நாகராசு. திருப்பதி அவரை முறைத்தார்.

"அப்ப அவன் திரும்பி வரவே இல்லையா?" ரெங்கசாமி கேட்டார்.

"இல்ல. அங்கேயே நிக்கிறான். கப்பல் பழுதானதுல எல்லாரும் திரும்ப முடியாதுன்னு தானா எறங்கிக்கிட்டு மத்தவங்களை அனுப்பிட்டான். அதான் கதை." ஆத்மநாதனின் முகம் மலர்ந்திருந்தது. "இப்பச் சொல்றேன், இதுதான்யா காவியம். இரும்பு மனுசனை நானே வாபஸ் வாங்கிக்கிறேன். இன்னைக்கே சரியா ஓட்டிப் பாருங்க."

செங்கமலம் ஊசியைக் கித்தானில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னைக்கு மட்டும் வேண்டாம் மொதலாளி. எங்க அத்தை வாராங்க."

 மேலே சொல்லத் தேவை இல்லை. கொட்டகைக்கே தெரிந்த விஷயம். ஆத்மநாதன் டப்பா மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை நாள் வாதத்தில் முதல் தடவையாக ஜெயித்திருந்தார்.

"எட்டுன்னே வச்சுக்கங்க" என்றார். "நாளைக்கு அனாவாக்கிக்கிடலாம்."

பொழுது சாய மருதாயி வந்தாள். புதுப் புடவை இல்லை, வெளுத்ததைக் கட்டியிருந்தாள். பெண்கள் பக்கத்தில் மண்ணைக் குவித்து உட்காரும் இடத்தில், கோயிலில் உட்காருவதுபோல் காலை மடித்து உட்கார்ந்தாள்.

"திரையில கூப்பிட்டா அவங்களுக்குக் கேக்குமாடி?"

"கேக்காது அத்தை."

"நமக்கு அவங்க சொல்றது?"

"இது பேசாத படம்."

"பேசாட்டி என்ன. பொய் சொல்லாம இருந்தாச் சரி."

செங்கமலம் வாசலுக்குத் திரும்பி, சுங்கிடிச் சேலைக்காரி ஒருத்திக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். அடுத்தவளுக்கும் கொடுத்தாள். மூன்றாவது ஆளுக்குக் கொடுக்காமல் எழுந்து, பின்பக்கமாகப் போய் நாகராசுவின் அறைக் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, அனாவை மொதல்ல போடுங்க."

"என்ன புள்ள, மத்தியானம் வேற சொன்னே?"

"தெரியாம சொன்னப்ப அது ஆசை. தெரிஞ்சப்புறம் காட்டினா ஏமாத்து. பெத்தவங்ககிட்ட வேண்டாம்."

நாகராசு அவளைப் பார்த்தார். மாட்டியிருந்த டப்பாவைக் கழற்றினார்.

திரையில் வீடு வந்தது. சவரம் செய்த முகத்தோடு அவன் சாப்பிட உட்கார்ந்தான். தரை டிக்கெட்டில் விசில் பறந்தது. "டேய் ஆப்பரேட்டரு, தூக்கமாடா? கடைசி டப்பாவை மொதல்ல மாட்டிருக்க!" திருப்பதி எழுந்து நின்று, "இன்னைக்கு அப்படித்தான். மூடிக்கிட்டுப் பாருங்கடா" என்று கத்தினார். அவருக்குள்ளும் கோபம் இருந்தது. அதை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

பொண்டாட்டிக்காரி சோறு வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். மருதாயி, "போகப்போறான்" என்றாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஒவ்வொரு டப்பா மாற்றும்போதும் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் செங்கமலம் மாமியார் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகினாள். கப்பல் கட்டினார்கள். ஏறினார்கள். பூமி ஒரு உருண்டையாகச் சிறுத்தது. நிலாவில் இறங்கினார்கள். கப்பலில் ஏதோ பழுதாயிற்று. எல்லாரும் திரும்ப முடியாது என்று தெரிந்ததும் அவன் தான் நிற்பதாகக் கையைக் காட்டினான். தாடி வளர்ந்திருந்தது. மற்றவர்கள் உள்ளே போனார்கள். மறுபடி வெளியே வந்தார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி அவன் பக்கத்தில் அடுக்கினார்கள். பிறகு கதவு மூடியது. கப்பல் போயிற்று. அவன் கையாட்டினான்.

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கடைசி டப்பா முன்னாலேயே ஓடிவிட்டது தெரிந்தும், வழக்கமாக அவன் வீட்டுக்கு வரும் நேரம் ஆகிவிட்டதால், எல்லாரும் உட்கார்ந்தே இருந்தார்கள். கடைசியில் ரெங்கசாமி வந்து, "அவ்வளவுதான்யா. எட்டு இல்ல" என்றார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து ஆத்மநாதன் இந்தப் பக்கம் பார்த்தார். வரிசை மாறியது எப்படி என்று அவருக்குப் புரியவில்லை. செங்கமலம் தலையை ஆட்டினாள். நான்தான் என்று அதற்கு அர்த்தம்.

மருதாயி இன்னும் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, தப்பாச் சொல்லிட்டேன். அவன் திரும்பி வரல."

"பாத்தேன்."

"நீங்க சொல்றதைச் சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்."

மருதாயி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, "பெட்டி எறக்கி வச்சாங்களே, அதுல என்ன?" என்றாள்.

இத்தனை தடவை பார்த்தும் செங்கமலம் அந்தப் பெட்டிகளைக் கவனித்ததில்லை. அடுத்த டப்பாவில் அவன் வீட்டில் சாப்பிடுவான் என்று தெரிந்தவளுக்குப் பெட்டி எதற்கு?

"திங்கிற சாமானாத்தான் இருக்கணும் அத்தை."

"நெறைய இருந்துச்சு."

"ஆமா."

"அப்ப அவன் சாகல." மருதாயி முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். "நிக்கிறான். விட்டுட்டுப் போனவனும் சோத்துக்கு வழி பண்ணித்தான் போயிருக்கான். எம் மகன் போன எடத்துலயும் மனுசன் இல்லாமலா போயிருவான்?" நாலு எட்டு நடந்து நின்றாள். "அவன் சிக்கனமாத்தான் திம்பான். சின்னப் புள்ளையிலயே அப்படித்தான்."

நோட்டீசில் நிலாப் படமே 'விஞ்ஞானக் காவிய'மாக வந்தது. கடைசிக் காட்சியில் எது முதல் டப்பா என்று திருப்பதியும் ஆத்மநாதனும் கொட்டகை பிரிக்கிறவரை சண்டை போட்டார்கள். காவியம் என்றால் ஆள் வீடு வந்து சேர வேண்டும் என்பது திருப்பதியின் கட்சி.

ஆடி அமாவாசையன்று மருதாயி சமைத்துப் படைத்தாள். என்றோ செத்துப்போன புருஷனுக்கு ஒரு இலை போட்டாள். இரண்டாவது இலையைப் போடவில்லை. காக்கைக்கு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "எனக்குப் போடுடி, பசிக்குது" என்றாள்.