அழுத்தாத எண்

மெல்கிக்குப் படம் போட வரும் என்பது மெல்கிக்கே தெரியாது. முப்பத்தாறு வயதுவரை சோளக்கொல்லையும் மாட்டுக்கயிறுமாகக் கிடந்த மனிதன். கூப்பாங் நகரத்திலிருந்து வந்த வெல்மி என்கிற பெண் அவன் கையில் ஒரு கரித்துண்டைக் கொடுத்து, “உங்க வீட்டைப் போடுங்கண்ணே” என்றாள். போட்டான். தரையைத் தொடுகிற வட்டப் புல்கூரை, தவழ்ந்து நுழைகிற வாசல், கூரை இடுக்கில் கசிகிற அடுப்புப் புகை. சபைக்கூடத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, “அடேயப்பா! இவன் மாட்டுக்குச் சூடு போட்டுத்தானே பாத்திருக்கோம்” என்று சிரித்தார்கள்.

வெல்மியின் வேலை இதுதான். நோயும் பிரசவமும் இந்த மலையூர்களில் மட்டும் ஏன் இத்தனை பேரைக் கொண்டுபோகின்றன என்பதை, பறிகொடுத்தவர்களையே பேச வைப்பது. ஆளுக்கு மூன்று நிமிடம். அவரவர் குரல், அவரவர் வரைந்த படம். அதைக் கணினியில் கோத்து ஒரு சின்னப் படமாக்கி, மாவட்டத்துச் சுகாதார அதிகாரிகளை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுவாள்.

“நாங்க அறிக்கை எழுதிக் குடுத்தா மேசைக்கு அடியில தள்ளிருவாங்க. நீங்க பேசினா காதைப் பொத்திக்க முடியாது பாருங்க” என்பாள். கெட்டிக்காரப் பெண். வந்த முதல் நாளே எல்லோருக்கும் வெற்றிலை பாக்கு நீட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

மெல்கி பேசினான்.

“என் பொண்டாட்டி பேரு ஓர்பா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால, சோளம் பூ விடுற மாசம். விடிகாலையில வலி கண்டுச்சு. நான் மேட்டுக்கு ஏறிப்போய் சுகாதார நிலையத்து ஜீப்புக்குப் போன் பண்ணேன். வரேன்னாங்க. வரல. மத்தியானம் பொண்ணு பொறந்துச்சு. ரத்தம் நிக்கல. ஜீப் கடைசிவரைக்கும் வரவே இல்ல.”

வெல்மி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்த ஒண்ணு போதும்ணே. உங்க மேலூருக்குன்னு தனியா ஒரு ஜீப் வாங்கிரலாம்” என்றாள். ஊரே தலையாட்டியது. ரெண்டு வருஷமாக ஊருக்குத் தெரிந்த கதைதானே. ஓர்பாவின் அண்ணன் சட்ராக்குக்கும் தெரிந்த கதை. அவன்தான் குழந்தை டெல்சியை அன்றைக்கே தன் வீட்டுக்குத் தூக்கிப்போனான். அவன் பெண்டாட்டி அப்போது கைக்குழந்தைக்காரி. இரண்டுக்கும் சேர்த்துப் பால் கொடுத்தாள்.

அந்த மலையில் ஒரு பிள்ளையின் விஷயத்தில் தாய்மாமன் பேச்சுதான் பேச்சு. பெற்ற அப்பனானாலும் அவன் தலையசைக்காமல் பிள்ளையைத் தொட்டுத் தூக்கிவந்துவிட முடியாது. சட்ராக் முரடன், ஆனால் நியாயஸ்தன். “இந்த அறுப்பு முடியட்டும் மாப்ளே. வந்து கூட்டிட்டுப் போ. அப்பன் வீடுன்னு ஒண்ணு இருக்குல்ல அவளுக்கு” என்று சொல்லியிருந்தான். மெல்கி அடுப்பைச் சுற்றி மூங்கில் தடுப்பு கட்டிவிட்டான். சின்னதாக ஒரு கட்டில் அடித்தான். ஒவ்வொரு நாளும் அதில் கையை வைத்து ஆட்டிப் பார்ப்பான், சிராய்ப்பு ஏதும் இருக்கிறதா என்று. அறுப்புக்கு இன்னும் மூன்றே வாரம் இருந்தது.

அப்போதுதான் அனிஸ் வந்தான்.

அனிஸ் சுகாதார நிலையத்து ஜீப் ஓட்டுகிறவன். யார் யார் என்னென்ன பேசப்போகிறார்கள் என்று வெல்மி முன்கூட்டியே மாவட்டத்துக்கு எழுதியிருந்தாள். அவர்கள் அனிஸைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பைக்கை வேலியோரம் சாய்த்துவிட்டு வந்து மெல்கியின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு முழுக்க நான் நிலையத்துலதான் இருந்தேன். ஜீப்புல டீசல் இருந்துச்சு. போன் என் சட்டைப் பையிலதான். ஒரு போன்கூட வரலண்ணே. நீங்க எந்த நம்பருக்கு அடிச்சீங்க?”

மெல்கி மண்ணைக் கிளறினான்.

“வேலை போனாப் போகட்டும். பொம்பளைய சாக விட்டவன்னு என் புள்ளைங்ககிட்ட சொல்றாங்கண்ணே பள்ளிக்கூடத்துல. நம்பர் மாத்தி அடிச்சிருப்பீங்களோ? கொஞ்சம் நெனச்சுப் பாருங்களேன்.”

திட்டியிருந்தால் மெல்கியும் திருப்பித் திட்டியிருப்பான். அந்த மனிதன் கெஞ்சினான்.

நம்பர் மாறவில்லை. மெல்கி எந்த நம்பரையும் அழுத்தவே இல்லை. பாவி மனுஷன், மேட்டில் புளியமரத்தடியில், ஊரிலேயே சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில், போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். வந்து, “சொல்லிட்டேன். வருவாங்க” என்றான்.

அனிஸ் போன பிறகு மெல்கி எழுந்து சபைக்கூடத்துக்கு நடந்தான்.

“அழிச்சிரு தங்கச்சி. நான் வேற சொல்றேன்” என்றான். எதை, ஏன் என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னான். வெல்மியின் முகம் வெளுத்துப்போனது.

“அண்ணே, வேணாம். இந்தப் படமே வேணாம். டிரைவர் மேல தப்பு இல்லன்னு நானே எழுதிக் குடுத்துடறேன். உங்க பேரு எங்கயும் வராது. உங்க மச்சான் முன்னால இதப் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? குழந்தையக் குடுப்பாரா?”

“ஓர்பா அன்னைக்கு எல்லாத்தையும் எல்லார் முன்னாலயும் சொன்னா தங்கச்சி. நான் மட்டும் உன் காதுக்குள்ள சொல்லிட்டுப் போயிரட்டுமா?”

மறுபடி கரித்துண்டைக் கையில் எடுத்தான். மூன்று நாள் வரைந்தான். குரல் பதிய ஒரு நாள். பாதியில் நிற்கும்; வெல்மி தண்ணீர் கொடுப்பாள்; மறுபடி தொடங்குவான்.

படம் போட்ட அன்று பிற்பகல் கூடத்து ஜன்னல்களில் எல்லாம் கைத்தறிப் போர்வைகளைக் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். மாவட்டத்திலிருந்து மூன்று பேர், சுகாதார நிலையத்துக்காரர்கள், ஊர் ஜனம். சட்ராக் முன்வரிசையில் டெல்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தன் தங்கைக்கு நியாயம் கிடைக்கப்போகிறது என்று நல்ல சட்டை போட்டு வந்திருந்தான். அதைப் பார்த்ததும் மெல்கி வாசல் பக்கம் திரும்பினான். ஆனாலும் அவன் வெளியே போகவில்லை. சுவரோரமாக நின்றான்.

வெள்ளைச் சுவரில் முதலில் வந்தது ஒரு ஜன்னல். சுகாதார நிலையத்தில் சீட்டுக் கொடுக்கிற ஜன்னல். மெல்கியின் குரல் கூடத்தை நிறைத்தது.

“ஆறாம் மாசம் ஓர்பாவ இங்க கூட்டிட்டுப் போனேன். ஜன்னல்ல இருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு, ‘புகை நாத்தம், போய்க் குளிச்சிட்டு வாங்க’ன்னாங்க. கடுப்பா ஒரு காகிதத்தை நீட்டினாங்க. எனக்குப் படிக்க வராது. தலைகீழா பிடிச்சிருந்தேன். உள்ள ரெண்டு பேரு சிரிச்சாங்க. ஓர்பாவும் வெளிய வந்து சிரிச்சா. ‘எரும, எனக்கும்தான் படிக்க வராது, நான் தைரியமா தலைய ஆட்டிக்கிட்டு நிக்கல?’ன்னா. அடுத்த தடவ சோப்பு போட்டு மூணு தரம் குளிச்சிட்டுப் போனா. நான் போகல.”

அடுத்த படம் மேடு. புளியமரம். அதன் கீழே ஒரு சின்ன மனிதன்.

“வலி வந்த அன்னைக்கு இங்க நின்னேன். போன் போட்டா ஆஸ்பத்திரி அட்டை நம்பர் கேப்பாங்க, எத்தன வாரம்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாது. மறுபடி சிரிப்பாங்க. ஊர்ல எல்லாரும் வீட்லதானே பெத்தாங்க, இவளும் பெத்துருவான்னு நெனச்சேன். நம்பரை அழுத்தல. கீழ வந்து, சொல்லிட்டேன்னு சொன்னேன்.”

கூடத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். மெல்கி சட்ராக்கின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முதுகு அசையவில்லை.

பிறகு வட்டவீட்டின் உள்ளே. அடுப்புச் சூட்டில் படுத்திருக்கிற ஓர்பா. வாசலுக்கு வெளியே குனிந்த தலைகள்.

“பிரசவம் இழுத்துக்கிட்டே போச்சு. பெரியவங்க நகேத்திக்கு உக்காரச் சொன்னாங்க.”

அங்கே இருந்த மலையூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். பிள்ளை வராமல் அடைத்துக்கொண்டால், வீட்டில் எவரோ ஒரு குற்றத்தை நெஞ்சுக்குள் அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று பொருள். புருஷனும் பெண்டாட்டியும் வாயைத் திறந்து எல்லோர் முன்னிலும் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் வழி திறக்கும்.

“ஓர்பா சொன்னா. அண்ணன் பரண்லேருந்து வெதச் சோளம் ரெண்டு கை திருடினேன்னா. மச்சான் வெளியிலேருந்து, ‘அது எனக்கு அப்பவே தெரியும் கழுத, பெத்துட்டு வா, பாத்துக்கறேன்’னாரு. எல்லாரும் சிரிச்சோம். என்னை எருமன்னு திட்டினேன்னா. ஞாயித்துக்கிழம தலவலின்னு பொய் சொல்லி சபைக்குப் போகாம தூங்கினேன்னா. அப்புறம் என்னைக் கேட்டாங்க. ‘மெல்கி, உங்கிட்ட என்ன இருக்கு?’ன்னாங்க. ஒண்ணுமில்லன்னேன்.”

குரல் நின்றது. சுவரில் படமும் அப்படியே நின்றது. வெல்மி அந்த மௌனத்தை வெட்டாமல் விட்டிருந்தாள்.

“அவ நம்பினா. எங்கிட்ட ஒண்ணுமில்லன்னா, அடைப்பு அவகிட்டதான்னு நெனச்சுக்கிட்டா. வலியோட வலியா தேடித்தேடிச் சொன்னா. செய்யாததையெல்லாம் சொன்னா. பக்கத்து வீட்டுக் கோழிய நான்தான் கொன்னேன்னா. அத நாய் தூக்குனத நானே பாத்தேன். பொண்ணு பொறந்த பொறகு ரத்தம் ஓடுது, அப்பவும் சொல்றா, ‘இன்னும் ஏதோ இருக்குங்க, எனக்கு ஞாபகம் வரமாட்டேங்குது, மன்னிச்சிருங்க’ன்னு. அவகிட்ட ஒண்ணும் இல்ல. எங்கிட்டதான் இருந்துச்சு. அப்ப நான் வாயத் தொறந்திருந்தா, யாராவது மேட்டுக்கு ஓடியிருப்பாங்க. ஜீப் வர முக்கா மணி நேரம். டிரைவர் அனிஸ் மேல ஒரு தப்பும் இல்ல. என் பேரு மெல்கி. இதுதான் என் நகேத்தி.”

போர்வைகளை அவிழ்த்தார்கள். வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசினார்கள். சுகாதார நிலையத்து வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்கிறவள் அவள்தான். அனிஸ் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான்.

மெல்கி வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு சட்ராக்கின் முன்னால் போய் மண்டியிட்டான். இரண்டு கையாலும் நீட்டினான். மன்னிக்கிறவன் ஒரு பாக்கையாவது எடுப்பான். சட்ராக் எடுக்கவில்லை. அடிப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள், அதுவும் செய்யவில்லை.

“வெதச் சோளத்துக்கு அவள கழுதன்னேன்” என்றான். “அதான் நான் அவகிட்ட கடைசியா பேசினது. நீ வாயத் தொறந்திருந்தா நானே தோள்ல தூக்கிட்டு ஓடியிருப்பேன்டா. ஓடியிருப்பேன்.”

“தெரியும் மச்சான்.”

“மச்சான்னு கூப்பிடாத.” அவன் குரல் உடைந்தது. “புள்ள என் வீட்லதான் இருப்பா. இவ பெரியவளாகி அம்மா எங்கன்னு கேக்குற அன்னைக்கு உன்னைக் கூப்பிட்டு விடுவேன். அப்ப வந்து இந்தப் படத்த நீயே போட்டுக் காட்டு. நான் சொல்ல மாட்டேன்.”

டெல்சி பெட்டியிலிருந்த பாக்கு ஒன்றை எடுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். சட்ராக் அவள் விரல்களை மெல்லப் பிரித்து, பாக்கைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தான். மெல்கி மண்டியிட்டபடியே இருந்தான். வெல்மிதான் வந்து எழுப்பினாள்.

மேலூருக்குத் தனி ஜீப் ஒன்றும் வரவில்லை. சீட்டு ஜன்னலை மட்டும் எடுத்துவிட்டு ஒரு பெஞ்சு போட்டார்கள். மலையூர்ப் பாஷை தெரிந்த ஒரு பெண்ணை அங்கே உட்காரவைத்தார்கள். போனில் அட்டை நம்பர் கேட்கக் கூடாது, ஊர்ப் பெயர் சொன்னாலே வண்டி புறப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று. இத்தனை சுலபமான காரியம்! அதற்கு ஒருத்தி போக வேண்டியிருந்தது.

அறுப்பு முடிந்தது. சின்னக் கட்டில் காலியாகவே கிடந்தது. மெல்கி அதைப் பிரிக்கவுமில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை.

மழை தொடங்கிய மாதத்தில் ஒருநாள் காலை, பக்கத்துத் தோட்டத்து இளைஞன் ஓடிவந்தான். பெண்டாட்டிக்கு வலி. “அண்ணே, எனக்குப் பேச வராதுண்ணே, நாக்கு குழறுது. நீங்க வாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தான். இரண்டு பேரும் மேட்டுக்கு ஓடினார்கள். புளியமரத்தடியில் மெல்கி எண்ணை அழுத்தினான். இரண்டாவது மணியிலேயே அனிஸ் எடுத்துவிட்டான்.

“சொல்லுங்கண்ணே. யாருக்கு? பேரு என்ன?”

மெல்கி வாயைத் திறந்தான்.

“ஓர்பா” என்றான்.

பக்கத்தில் நின்ற இளைஞன் திகைத்துப் பார்த்தான். அந்தப் பக்கம் ஜீப் கதவு சாத்துகிற ஓசை கேட்டது.

“கெளம்பிட்டேண்ணே” என்றான் அனிஸ்.